இமாமின் மகள் உம்மு குல்தூம்

உம்மு குல்தூம் என்ற பெயரைக் கேட்டதும் நம் இல்லங்களில் முதலில் நினைவுக்கு வருபவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமகளாரும், ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் துணைவியாருமான அன்னை உம்மு குல்தூம் (ரலி) அவர்கள்தாம். எகிப்து நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசல் இமாம், அந்தப் பெயரின் பரக்கத்தை நாடித் தம் இளைய மகளுக்கு அதைச் சூட்டினார். அந்தப் பெண்பிள்ளை வளர்ந்து, அரபு மொழி பேசப்படும் நாடுகள் அனைத்திலும் அரை நூற்றாண்டுக் காலம் ஒலித்த குரலுக்கு உரியவரானார். மன்னரும் கேட்டார்; மண் சுமக்கும் கூலியாளும் கேட்டார். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம் சகோதரர்களில் பலர், பொருள் புரியாவிட்டாலும், தேநீர்க் கடைகளிலும் வாடகைக் கார்களிலும் இந்த அம்மையாரின் குரலைக் கேட்டே இருப்பார்கள்.

பாடகி ஒருவரின் வாழ்க்கைக்கு இந்த ஏட்டில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இசைக்கருவிகளைப் பற்றியும், பெண்கள் அன்னிய ஆடவர் முன் பாடுவதைப் பற்றியும் மார்க்க அறிஞர்கள் சொல்லியிருப்பதை நாம் அறிவோம். அந்தச் சட்டத்தை விவாதிக்க இங்கே நாம் புகவில்லை. ஆனால் சின்னஞ்சிறு வயதில் ஓதிய ஓதல் ஒரு பிள்ளையின் நாவில் எத்தனை ஆழமாக வேர் பிடிக்கும், அது எந்தெந்தப் பாதைகளில் எல்லாம் கூடவே வரும் என்பதற்கு இந்த அம்மையாரின் வாழ்வைப் போல வேறொரு சான்று நமக்குத் தென்படவில்லை. அதனால்தான் எழுத முனைந்தோம்.

நைல் நதி கடலில் கலக்குமுன் பல கிளைகளாகப் பிரிந்து பாயும் வளமான நிலப்பகுதியில், தகஹ்லிய்யா மாகாணத்தில், ஸின்பில்லாவைன் என்ற ஊருக்கு அருகே தமாய் அஸ்ஸஹாயிரா என்றொரு கிராமம். பருத்தி விளையும் பூமி. மண் செங்கல்லால் கட்டிய வீடுகள். நிலம் வளமானது, உழுதவன் வீடு வறுமையானது. அவ்வூர்ப் பள்ளியின் இமாம் ஷெய்கு இப்ராஹீம் அல்பல்தாஜி. மனைவி ஃபாத்திமா. மூத்த மகள் ஸய்யிதா, மகன் காலித், கடைக்குட்டி உம்மு குல்தூம். இமாமத்தில் வந்த சொற்ப வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. ஆகவே அக்கம்பக்கத்து ஊர்களில் கல்யாணம், மவ்லிது, ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பியவர் வீட்டு விருந்து என்று அழைத்தால், நபிகள் நாயகத்தின் புகழ் கூறும் கஸீதாக்களைப் பாடி, கொடுத்ததை வாங்கிக் கொண்டு வருவார். நம் ஊர்களில் லெப்பைமார்களும் பக்கீர்மார்களும் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

காலிதைத் தமக்குத் துணையாகத் தயார் செய்ய எண்ணி, இமாம் வீட்டில் அவனுக்குக் கஸீதாக்களைச் சொல்லிக் கொடுத்து வந்தார். மகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் எண்ணமே அவருக்கு இல்லை. அவளோ விளையாட்டின் நடுவே காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருந்தாள். ஒருநாள் மகன் திணறிய பாடத்தை மகள் தனக்குத்தானே பாடிக் கொண்டிருப்பது தகப்பனார் காதில் விழுந்தது. சொல் பிசகவில்லை, ராகம் பிசகவில்லை, மூச்சும் வாங்கவில்லை. அன்று முதல் மகனோடு மகளையும் உட்கார வைத்தார்.

இதற்குள் சிறுமி குத்தாபுக்கும் போகத் தொடங்கியிருந்தாள். நம் ஊரில் மக்தப் என்றும் ஓதுகிற பள்ளி என்றும் சொல்கிறோமே, அதைத்தான் அங்கே குத்தாப் என்பார்கள். அந்நாளில் எகிப்துக் கிராமத்தில் பெண்பிள்ளையைக் குத்தாபுக்கு அனுப்புவது அரிது. இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டணம் கொடுப்பது இமாமின் கைக்குச் சுமையாகவும் இருந்தது. ஆயினும் மகளும் ஓத வேண்டும் என்பதில் தாயார் உறுதியாக நின்றார். பின்னால் நடந்த அத்தனைக்கும் காரணம் தகப்பனாரின் கஸீதா என்று உலகம் சொல்லும். நாம் அந்தத் தாயாரின் பிடிவாதத்தையும் அதோடு சேர்த்துக் கொள்வோம்.

குத்தாபில் என்ன கற்றார்? திருக்குர்ஆன் ஓதக் கற்றார். ஓதுதல் என்றால் எழுத்துக்கூட்டிப் படிப்பது மட்டுமன்று என்பதை நம் இல்லத்தரசியரும் அறிவார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மக்ரஜ் உண்டு. தொண்டையின் அடியில் பிறப்பது எது, நடுவில் பிறப்பது எது, நாவின் நுனி பல்லைத் தொடுவது எதற்கு, உதடு குவிவது எதற்கு என்று வரையறை உண்டு. மத்து எத்தனை நீளம், குன்னா மூக்கில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எங்கே நிறுத்தினால் பொருள் கெடும், எங்கே நிறுத்துவது கடமை என்றெல்லாம் தஜ்வீதுக் கலை வகுத்து வைத்திருக்கிறது. இவற்றைப் பிஞ்சு வயதில் உஸ்தாதின் பிரம்புக்கு அஞ்சி மனத்தில் ஏற்றிக் கொண்ட பிள்ளைக்கு, வாய் திறந்தாலே சொல் சுத்தமாக வரும். நீண்ட வாசகத்தை ஒரே மூச்சில் ஏந்திச் செல்லும் பழக்கமும் தானாக வந்துவிடும். ஷெய்குமார்களிடம் வளர்ந்தவர் என்று ஒரு பாடகரைப் பற்றிச் சொன்னால், அந்நாள் எகிப்தில் அதற்கு மேல் ஒரு பாராட்டு இல்லை.

சபையில் முதன்முதலாக அவர் பாடியது ஊர்த் தலைவர் வீட்டில். போக மாட்டேன் என்று அடம்பிடித்த குழந்தையை, பாலும் அரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சும் முஹல்லபிய்யா என்ற இனிப்பைக் காட்டி அழைத்துப் போனார்கள். பாடியவளுக்கு நினைவெல்லாம் அந்தக் கிண்ணத்தின் மேல். கேட்டவர்களோ, இந்தச் சிறு உடலிலிருந்து இத்தனை பெரிய குரலா என்று ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். செய்தி பரவியது. அழைப்புகள் வந்தன.

தகப்பனும் மகனும் மகளும் வயல் வரப்புகளில் நடந்தார்கள். சில ஊர்களுக்குப் போகப் பல மணி நேரம் நடை. பாடி முடித்து இரவோடு இரவாகத் திரும்ப வேண்டும். தூக்கத்தில் தள்ளாடும் பிள்ளையை ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கிக் கொண்டார்கள். சன்மானம் கொஞ்சம் உயர்ந்த பிறகு கழுதைச் சவாரி கிடைத்தது. அதன் பின் ரயில்.

ஆனால் இமாமின் உள்ளம் அமைதியாக இல்லை. பள்ளியில் முன்னின்று தொழ வைப்பவர், வயதுக்கு வரப்போகும் மகளைச் சபை நடுவே நிறுத்திப் பாட வைக்கிறார். வயிற்றுப்பாடு ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். அவர் கண்ட வழி, மகளுக்கு ஆண் பிள்ளையின் நீண்ட அங்கியை அணிவித்து, பாலைவன அரபிகளைப் போலத் தலையை மூடித் துணி கட்டி, நெற்றிக்கு மேல் கறுப்புக் கயிற்றைச் சுற்றி அழைத்துச் செல்வது. பார்ப்பவர்கள் சிறுவன் என்று எண்ணிக் கொள்ளட்டும் என்பது நினைப்பு. யாரும் ஏமாந்ததாகத் தெரியவில்லை. ஊரை ஏமாற்ற அல்ல, தம் மனத்தைத் தேற்றிக் கொள்ளவே அந்த அங்கியை அவர் தைத்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. அவரைக் குறை சொல்ல நமக்கு நா எழவில்லை. ஊருக்குத் தொழ வைத்தவரின் அடுப்பு எரிகிறதா என்று அந்த ஊர் கேட்டிருந்தால், அங்கி தைக்கும் அவசியமே அவருக்கு நேர்ந்திராது.

கெய்ரோவில் ஒரு செல்வந்தர் வீட்டு மிஃராஜ் இரவு வைபவத்துக்கு இவர்களை அழைத்திருந்தார்கள். வந்து நின்ற கிராமத்துக் குழந்தையைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்கு முகம் வாடிவிட்டது. வந்திருக்கும் பெரிய மனிதர்கள் முன் இதையா நிறுத்துவது என்று எண்ணி, வேறொரு பெயர்பெற்ற ஷெய்கைப் பாட வைத்துவிட்டு, இவர்களைக் கீழே ஓர் ஓரத்தில் காக்க வைத்தார்கள். இரவு முதிர்ந்த பிறகு, வந்ததற்கு ஏதேனும் பாடட்டும் என்று அழைத்தார்கள். குழந்தை நாயகத்தின் புகழ் பாடத் தொடங்கியதும் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

தலைநகரின் புகழ்பெற்ற பாடகரான ஷெய்கு அபுல் இலா முஹம்மத் அவர்களின் இசைத்தட்டுகளைக் கேட்டு, அவர் எப்போதோ காலமாகிவிட்டவர் என்று சிறுமி எண்ணியிருந்தாள். அவர் உயிரோடு இருக்கிறார், இந்தப் பக்கம் வந்திருக்கிறார் என்று தெரிந்தபோது அவளுக்கு நிலைகொள்ளவில்லை. அவரும் இவள் பாடக் கேட்டார். இந்தக் குரல் கிராமத்தில் கிடக்கக்கூடாது என்று தகப்பனாரை வற்புறுத்தினார். ரமலான் இரவுகளில் பாட ஸின்பில்லாவைனுக்கு வந்திருந்த ஷெய்கு ஸகரிய்யா அஹ்மதும் அதையே சொன்னார். இமாம் பல நாள் தயங்கினார். முடிவில் 1920களின் தொடக்கத்தில் குடும்பம் கெய்ரோவில் குடியேறியது.

அங்கே வேறொரு உலகம் காத்திருந்தது. நாடக மேடைகளின் ராணியாக முனீரா அல்மஹ்திய்யா கொடி கட்டிப் பறந்த காலம் அது. மின்விளக்கும், பட்டுத் திரையும், முழு வாத்தியக் குழுவும் கொண்ட அந்த உலகத்தில், ஆண் அங்கி அணிந்து, பக்கத்தில் தகப்பனும் அண்ணனும் உறவினரும் நின்று கூடப் பாட, ஒரு வாத்தியமும் இல்லாமல் கஸீதா பாடினார் இந்தப் பெண். குரல் வளமானது, ஆனால் பயிற்சி போதாது என்றார்கள் விமர்சகர்கள். உடுப்பைக் கண்டு நகைத்தவர்களும் உண்டு. அம்மையார் மனம் நொந்து உட்கார்ந்துவிடவில்லை. அபுல் இலாவிடம் முறையாகப் பயின்றார். பின்னாளில் அல்-அஸ்ஹரின் ஷெய்காக விளங்கிய முஸ்தஃபா அப்துர் ராஸிக் அவர்களின் குடும்பம் ஆதரவு தந்தது. அந்த இல்லத்துப் பெண்களின் பேச்சையும் நடையையும் கவனித்து, நகர்ப்புறப் பழக்க வழக்கங்களைக் கற்றுக் கொண்டார்.

1926ஆம் ஆண்டு இவர் வாழ்வில் திரும்புமுனை. ஒரு பத்திரிகை இவரைப் பற்றி இழிவான வதந்தி ஒன்றை அச்சிட்டது. இமாம் துடித்துப் போனார். மூட்டை கட்டுங்கள், ஊருக்கே போய்விடலாம் என்று தீர்மானித்தார். எந்த மானத்துக்கு அஞ்சி அவர் மகளுக்கு அங்கி தைத்தாரோ, அந்த மானத்தின் மேலேயே கை வைத்துவிட்டார்கள். குடும்ப நண்பர்கள் கூடி வந்து, இப்போது போனால் வதந்தியை ஒப்புக்கொண்டதாகும் என்று எடுத்துச் சொல்லித் தடுத்தார்கள். இட்டுக்கட்டும் அவதூறைப் பற்றி அன்னூர் அத்தியாயம் என்ன எச்சரிக்கிறது என்பதை ஓதி அறிந்த நாட்டில்தான் இது நடந்தது.

அதே ஆண்டில் அம்மையார் ஆண் அங்கியைக் கழற்றினார். நீண்ட கையும் மூடிய கழுத்தும் கொண்ட, ஆனால் நகரத்துப் பெண்கள் அணிவது போன்ற உடைக்கு மாறினார். தகப்பனும் அண்ணனும் கூடப் பாடிய பழைய குழு விலகியது. ஊது, கானூன், வயலின் ஆகியவற்றில் அந்நாளில் தலைசிறந்த கலைஞர்கள் அவர் பின்னால் அமர்ந்தார்கள். இங்கேதான் இமாமின் வழி ஒன்றாகவும் மகளின் வழி வேறாகவும் பிரிகிறது. இந்த இடத்தைப் பூசி மெழுகிவிட்டுப் போக நாம் விரும்பவில்லை. தகப்பனார் மனம் வருந்தியிருப்பார், அதில் ஐயமில்லை. ஆனாலும் மகளை விட்டு அவர் போய்விடவில்லை, அவருடனேயே இருந்தார்.

கவிஞர் அஹ்மத் ராமியின் நட்பும் இந்த ஆண்டுகளில்தான் கிடைத்தது. பாரிஸில் பார்சி மொழி கற்று, உமர் கய்யாமின் ருபாயியாத்தை அரபியில் ஆக்கிய அவர், குத்தாபோடு நின்று போன அம்மையாரின் படிப்பைத் தம் நூல்களால் தொடர வைத்தார். பழைய அரபுக் கவிதைகளை அவருடன் அமர்ந்து படித்து விளக்கினார். அவருக்காக நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களும் எழுதினார். அம்மையார் தாம் பாடும் கவிதையில் ஒரு சொல் பொருந்தவில்லை என்றால் கவிஞரையே மாற்றச் சொல்லும் அளவுக்குத் தேர்ந்தார்.

1934 மே 31ஆம் நாள் எகிப்து அரசு வானொலி தொடங்கிற்று. தொடக்க நாளிலேயே அவர் பாடினார். 1937 முதல் ஒவ்வொரு மாதமும் முதல் வியாழன் இரவு அவருடைய கச்சேரி நேரடியாக ஒலிபரப்பாயிற்று. இலையுதிர் காலம் தொடங்கிக் கோடை வரை, ஆண்டுதோறும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இது நடந்தது. அந்த இரவுகளில் கெய்ரோ வீதிகள் வெறிச்சோடிப் போகும். டமாஸ்கஸிலும் பக்தாதிலும் காஸாபிளாங்காவிலும் கடைக்காரர்கள் வானொலிப் பெட்டியை வாசலில் எடுத்து வைப்பார்கள். வானொலி வாங்க வசதியில்லாத கிராமங்களில் ஊர்த் தலைவர் வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடும்.

ஒரு பாட்டு ஒரு மணி நேரம் போகும். சில வேளை அதற்கும் மேலே போகும். ஓர் இரவில் இரண்டு மூன்று பாட்டு, அவ்வளவுதான். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். ஆனால் ஒரு முறை பாடியது போல மறுமுறை இருக்காது. முதல் முறை ஒரு சொல்லில் அழுத்தம் விழும், அடுத்த முறை வேறு சொல்லில். கேட்பவருக்கு அதே அடியில் புதுப் பொருள் திறக்கும். இது எங்கிருந்து வந்தது? எகிப்தின் காரிகள் சபையில் கிராஅத் ஓதுவதைக் கேட்டவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். ஓர் ஆயத்தை ஓதி, நிறுத்தி, மீண்டும் எடுத்து, வேறு மகாமில் ஓதிப் பொருளை நெஞ்சில் இறக்கும் முறை அது. கலையுலகம் கொண்டாடிய பாணியின் அடிவேர் குத்தாபில் இருந்தது. மேடையில் நாற்பது ஆண்டு கழிந்த பிறகும் அவருடைய ஐனும் ஹாவும் காஃபும் மக்ரஜ் தவறியதில்லை. குன்னா கூட ஓதும்போது நிற்பது போலவே நின்றது என்று இசை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத உழவனும் இலக்கிய அரபுக் கவிதையைச் சொல்லுக்குச் சொல் விளங்கிக் கொண்டது இதனால்தான்.

காசு விஷயத்தில் அம்மையார் கறாரானவர். ஊர் ஊராக நடந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்பிய பிள்ளைப் பருவம் அவருக்கு மறக்கவில்லை போலும். ஒப்பந்தங்களைத் தாமே பேசினார். பிறந்த ஊர்ப் பக்கம் நிலம் வாங்கினார். இசைக் கலைஞர் சங்கத்துக்கு 1940களில் தலைமை ஏற்று, பெண்ணா எங்களுக்குத் தலைவர் என்று முனகிய ஆண்களை ஏழாண்டுகள் நிர்வகித்தார். தம்மைக் கெய்ரோவுக்கு அழைத்தவர்களில் ஒருவரான ஸகரிய்யா அஹ்மதுடனேயே பங்குத் தொகை பற்றித் தகராறு மூண்டு வழக்கு மன்றம் வரை போயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டும் தரவில்லை. 1960இல் சமாதானமாயினர், மறு ஆண்டே ஸகரிய்யா காலமானார். வீணாய்ப்போன ஆண்டுகள் என்றே சொல்ல வேண்டும்.

நம் வாசகர்களுக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறோம். காதல் பாட்டும் திரைப்படப் பாட்டுமாய் இருபது ஆண்டு ஓடிய பிறகு, 1946 முதல் அம்மையார் தாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பினார். கவியரசர் அஹ்மத் ஷவ்கீ 1932இல் காலமாகியிருந்தார். அவர் இயற்றியிருந்த நபிபுகழ்க் கஸீதாக்களை எடுத்து, ரியாழ் அஸ்ஸுன்பாதீ என்ற இசையமைப்பாளரைக் கொண்டு மெட்டமைத்துப் பாடினார். நாயகத்தின் பிறப்பைப் பாடுவது ஒன்று. உள்ளத்தை விளித்துப் பாடுவது ஒன்று. மூன்றாவது நஹ்ஜுல் புர்தா. இமாம் பூஸீரி (ரஹ்) அவர்களின் புர்தா ஷரீஃபின் அடியொற்றி, அதே சந்தத்தில், அதே எதுகையில் ஷவ்கீ பாடியது இது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் புர்தா மஜ்லிஸில் உட்கார்ந்து பழகிய காதுகளுக்கு அந்த ஓசை அன்னியமாக இராது. பூஸீரியும் எகிப்து மண்ணைச் சேர்ந்தவரே.

இக்கஸீதாக்களை இத்தனை கடினமான அரபியில் பாடினால் யார் கேட்பார்கள் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். நடந்ததோ நேர்மாறு. ஆங்கிலேயர் படை இன்னும் எகிப்தில் இருந்த காலம். உரிமையைப் போராடிப் பெறுவது பற்றி வரும் ஓர் அடியை அம்மையார் பாடியபோது சபை எழுந்து நின்று மீண்டும் மீண்டும் கேட்டது. நபிபுகழ்ப் பாட்டு விடுதலைப் பாட்டாகவும் ஆயிற்று.

இடையில் சொந்த வாழ்வில் சோதனைகள். 1946இல் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் மணமுடிக்க முன்வந்தார். கிராமத்து இமாமின் மகளா என்று அரண்மனை மறுத்துவிட்டது. மறு ஆண்டு தாயார் வஃபாத்தானார். தைராய்டு நோய் கண்களைத் தாக்கியது. கூச்சத்துக்காக அணிந்த கறுப்புக் கண்ணாடி இறுதிவரை நீங்கவில்லை. 1954இல் ஹஸன் அல்ஹிஃப்னாவீ என்ற மருத்துவருடன் நிக்காஹ் நடந்தது.

1952இல் மன்னராட்சி கவிழ்ந்தது. மன்னருக்குப் பாடியவர் என்று சிலர் வானொலியில் இவர் குரலை நிறுத்தி வைத்ததாகவும், ஜமால் அப்துந் நாஸிர் கடிந்து கொண்டு மீண்டும் ஒலிக்கச் செய்ததாகவும் சொல்வார்கள். 1956 சூயஸ் போரின்போது இவர் பாடிய படைப்பாட்டு, 1960 முதல் 1979 வரை எகிப்தின் தேசிய கீதமாகவே விளங்கியது. 1955இல் ராபிஅத்துல் அதவிய்யா (ரஹ்) அம்மையாரின் வாழ்வைச் சொல்லும் வானொலித் தொடருக்காகப் பாடினார். பஸராவின் அந்த ஏழைப் பெண் இறைநேசச் செல்வியின் பாத்திரத்துக்கு இவர் குரல் பொருந்தியதைப் போல வேறெதற்கும் பொருந்தியதில்லை என்பது நம் கருத்து.

1967 ஜூன் மாதம் வந்தது. ஆறே நாளில் ஸினாயும் மேற்குக் கரையும் கோலானும் போயின. பைத்துல் முகத்தஸும் போயிற்று. அரபு நாடுகளில் சாவு வீட்டின் அமைதி. அம்மையார் சில நாள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். பிறகு எழுந்தார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. சிறுநீரகமும் கண்ணும் பழுதுபட்டிருந்தன. ஆயினும் தமன்ஹூர், அலெக்ஸாந்திரியா, தன்தா என்று ஊர் ஊராகப் போய்ப் பாடி, வசூலை நாட்டின் மீட்புக்கே கொடுத்தார். சிறுமியாய் நடந்த நைல் கழிமுக ஊர்கள் அவை. பெண்கள் கழுத்திலும் காதிலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸ் நகரின் ஒலிம்பியா அரங்கில் பாடினார். பின் மொராக்கோ, துனிஸ், குவைத், சூடான், லிபியா. பணமும் பொன்னுமாக இருபது லட்சம் எகிப்து பவுண்டுக்கு மேல் திரட்டினார். தமக்கென்று ஒரு காசை விடாத அதே கறாரான பெண்மணிதான் இதைச் செய்தார்.

அந்த 1967ஆம் ஆண்டில்தான் அல்லாமா இக்பாலையும் பாடினார். நம் வாசகர்கள் அறிந்த ஷிக்வாவும் ஜவாபே ஷிக்வாவும் உருது மொழியில் பிறந்தவை. இறைவனிடம் முறையிடும் உம்மத்தும், அதற்கு வரும் மறுமொழியும். அவற்றிலிருந்து எடுத்து அஸ்ஸாவீ ஷஃலான் அரபியில் ஆக்கினார், ஸுன்பாதீ இசையமைத்தார். ஹதீஸுர் ரூஹ் என்ற பெயரில் அது வெளிவந்தது. அரபு நாட்டு மக்களில் பெரும்பாலோர் இக்பால் என்ற பெயரையே அதன் மூலம்தான் அறிந்தார்கள். லாகூரில் இருந்த ஒரு கவிஞரின் வேதனை, அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், ஓர் எகிப்துப் பெண்ணின் நாவில் தோல்வியுற்ற மக்களின் வேதனையாக ஒலித்தது.

1964இல் முஹம்மத் அப்துல் வஹ்ஹாப் இசையமைப்பில் பாடிய நீண்ட காதல் பாடலைத்தான் உலகம் அவருடைய சிகரம் என்று கூறும். கூறட்டும். எங்களுக்கு 1971இல் அவர் பாடிய ஒன்றே நெஞ்சில் நிற்கிறது. பைரம் அத்தூனிஸீ என்ற கவிஞர் மக்கள் பேசும் எளிய எகிப்து அரபியில் எழுதிய ஹஜ்ஜுப் பாட்டு அது. அழைப்பு வந்தது, எழுந்து போனேன், கஅபாவின் வாசலில் நின்றேன் என்ற கருத்தில் அமைந்தது. ஹஜ்ஜுப் பயணம் போய் வந்தவர் வீட்டு விருந்தில் தகப்பனார் பாடக் கேட்டு வளர்ந்தவர், முதுமையில் அதே பொருளைப் பாடும்போது அந்தக் குரலில் நடுக்கம் தெரிகிறது. மூச்சு முன்போல் நீளவில்லை. எழுத்துகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

1973க்குப் பின் அவர் மேடை ஏறவில்லை. 1975 பிப்ரவரி 3ஆம் நாள் கெய்ரோவில் வஃபாத்தானார். வெளிநாட்டுப் பிரமுகர்கள் வந்து சேர வேண்டும் என்று ஜனாஸாவை இரண்டு நாள் ஒத்தி வைத்தது அரசு. உமர் மக்ரம் பள்ளிவாசலிலிருந்து அரசு மரியாதையோடு ஊர்வலம் புறப்பட்டது. வீதிகளில் லட்சக்கணக்கில் நின்ற மக்கள், சந்தூக்கைச் சுமந்தவர்களின் தோள்களிலிருந்து தங்கள் தோள்களுக்கு மாற்றிக் கொண்டார்கள். வகுத்திருந்த பாதை என்னவாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. கை மாறிக் கை மாறி மூன்று மணி நேரம் நகரைச் சுற்றி, அவருக்குப் பிரியமான ஸய்யிதினா ஹுஸைன் (ரலி) பள்ளிவாசலுக்கு அந்தச் சந்தூக்கைக் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். அங்கே ஜனாஸாத் தொழுகை நடந்தது. பிறகும் மக்கள் விடவில்லை. மீண்டும் தூக்கிச் சுற்றப் பார்த்தார்கள். பள்ளியின் ஷெய்கு முன்வந்து, இவர் மார்க்கப் பற்றுள்ளவர், மய்யித்தை விரைந்து அடக்குவதே ஸுன்னத்து, இவரும் அதையே விரும்பியிருப்பார் என்று எடுத்துச் சொன்ன பிறகே தோள்கள் இணங்கின. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கும் பகுதிக்கு அண்மையில் உள்ள மையவாடியில் அன்றே அவரை அடக்கம் செய்தார்கள்.